தீர்த்தத்தில் கரைந்த மை

நான் கல்லூரியில் ரசாயனம் படிக்கிறேன். சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படும் மாணவர்களுக்கு அங்கே சனிக்கிழமைதோறும் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். நான் பேனா மை தயாரித்தேன். "எழுதிக் காயவச்சு, தண்ணி ஊத்திப் பாரும். கரையலன்னா காலேஜ் பேர் போட்ட லேபிளை ஒட்டும்" என்றார் பேராசிரியர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் விற்றுவிடும் அவசரத்தில் நான் லேபிளை மட்டும் ஒட்டினேன்.

சங்கரன்கோவிலில் அத்தனை புட்டிகளும் விற்றுப்போயின. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் ஒன்று வாங்கி, ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதினாள். எங்கள் ஊரில் எந்த விண்ணப்பமும் கோமதி அம்மன் பாதத்தில் வைத்த பிறகுதான் தபாலுக்குப் போகும். இது எனக்குத் தெரியாததா? அர்ச்சகர் தீர்த்தம் தெளித்ததும் எழுத்தெல்லாம் நீலமாக ஓடிவிட்டது. அன்றுதான் அனுப்பக் கடைசி நாள். வேறு படிவமும் கிடையாது.

தாளையும் புட்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "லேபிளை நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க அண்ணே. நானும் தண்ணி தெளிச்சுப் பாத்தேன், அது மட்டும் அசையவே மாட்டேங்கு."

அவளுக்கு ஒரு வருஷம் வீணாயிற்று. பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். மீதி லேபிள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு முறை மை தயாரித்ததும் எழுதிய தாளை ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் போட்டுவைக்கிறேன். அதைப் பேராசிரியர் பார்த்த பிறகே லேபிள். இந்த வருஷம் சண்முகத்தாய்க்கு ஒரு புட்டி கொடுத்தேன். அவள் ஒரு வரி எழுதிக் காயவைத்து, என் கண்முன்னாலேயே செம்புத் தண்ணீரில் முக்கினாள். எழுத்து கரையவில்லை. என்னால்தான் தலைநிமிர முடியவில்லை.