சட்டையை இழுத்த கணக்கு

‘வியாழன், மாலை 5.10. மகள் போன் பார்த்தது பதினெட்டு நிமிடம், அனுமதி பதினைந்து.’ திருச்செந்தூர் பஸ்ஸில் இதை என் போனில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் மகள். இந்தப் பக்கம், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவர் ஒருவர். உப்பேறிச் சிவந்த கண்கள். இடுப்பில் இல்லாத கயிற்றை அடிக்கடி தடவிக்கொண்டார்.

“அண்ணாச்சி, பாப்பா உங்க சட்டைய இழுக்குது.”

“ஒரு நிமிஷம். அவ போன் பார்த்த நேரத்தைக் குறிக்கேன்.”

“நல்லாருக்கு! கடலுக்குள்ள கயிறு அசைஞ்சா நாங்க மேல வந்திரணும். வீட்ல நான் போன் பாக்கையில எம் மவ சட்டைய இழுப்பா. அதுக்கும் அதே சட்டந்தான்.”

நிமிர்ந்தேன். மகள் காட்ட நினைத்த உப்பளத்துப் பூநாரைகள் பின்னால் போய்விட்டிருந்தன.

எத்தனை முறை இழுத்தாள்? அவர் மூன்று என்றார்; மகள் ஐந்து என்கிறாள். இன்னும் சரிபார்க்க முடியவில்லை. நான் அப்போது அவளைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.