சின்ன எழுத்தில் செல்வக்கனி

இணையதளம் செய்து கொடுக்கிற தொழிலில் கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம்தான். ‘தொடர்புக்கு’ என்ற ஒரே ஒரு பக்கத்துக்காகக் கடைக்காரர் முன்னால் அசடு வழிய நிற்பதுதான் மிச்ச வேலை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகவரி வேண்டும், போன் வேண்டும், கடை யார் பேரில் இருக்கிறது என்று வேண்டும். கேட்கப் போனால் நம்மை வருமான வரிக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். தூத்துக்குடியில் இந்த வேலை பார்க்கிற எனக்குப் போன கிறிஸ்துமசுக்கு முன்னால் வாய்த்தது, முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் சுடுகிற ஒரு மாக்ரூன் கடை.

கதவு எண்

கடை பொன்னுச்சாமி அண்ணாச்சியுடையது. என் இணையதளத்தில் ‘கிளைகள்: சென்னை, சிங்கப்பூர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, பெரிய கம்பெனி என்று நம்பி என்னைக் கூப்பிட்டவர். அந்தக் கிளைகளின் கதையைப் பிறகு சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே பணம் கட்டி மாக்ரூன் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிறிஸ்துமஸ் ஆர்டரை நம்பி முந்திரிப்பருப்பும் அட்டைப்பெட்டியுமாக வாங்கி மச்சு வரைக்கும் அடுக்கிவிட்டார். ஆனால் ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற கம்பெனி, கடையின் முழு விவரமும் இணையதளத்தில் இருந்தால்தான் கணக்கைத் திறப்போம் என்றுவிட்டது. கணக்கு திறக்காவிட்டால் அத்தனை பருப்பும் பண்டிகை முடிந்து தூங்கும்.

சரி, முகவரியில் ஆரம்பிப்போம் என்று கதவு எண்ணைக் கேட்டேன். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. வாசல் சுவரில் எண் எழுதியிருந்த இடத்தில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பட்டப்பகலில், பஜாரே பார்க்க, செத்துப்போன மனுஷன் முகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். அந்த வழியாகப் போன ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். மானம் போயிற்று. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“கடைக்கு எதுக்குல நம்பரு? வாசத்தப் புடிச்சே ஆளு வந்து சேந்துருவாம்லா” என்றார்.

குறை கேட்க ஒருவர்

வாங்கியவர்களின் குறையைக் கேட்க ஒருவர் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் என்று பேர். கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, புத்திகெட்டுப்போய் இதைக் கேட்டேன். “அண்ணாச்சி, நம்ம மாக்ரூன்ல குறை இருந்தா யார்ட்ட சொல்லணும்?” என்றதும் பெட்டி கட்டுகிற சத்தம் நின்றது. வாங்க வந்தவர்கள் கையிலிருந்த மாக்ரூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்தே பார்த்துவிட்டார். சட்டம் அப்படி, உங்கள் சரக்கைச் சொல்லவில்லை என்று நான் விளக்க விளக்க, இன்னும் இரண்டு பேர் என்ன குறை என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். எந்த மூலையில் போய் ஒளிவது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி என் கையில் ஒரு மாக்ரூனை வைத்து அழுத்தினார். “மொதல்ல நீ இத வாயில போடு. ஒனக்கு வாய் சும்மா இருக்கதுதான் இங்கன கொற.”

உரிமையாளர்

ஒருவழியாக எல்லாம் போட்டு அந்தப் பணம் வாங்கித் தருகிற கம்பெனிக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. கடைப் பதிவில் இருக்கிற உரிமையாளர் பெயர் பக்கத்தில் இல்லையாம். பதிவை எடுத்துப் பார்த்தால், உரிமையாளர் செல்வக்கனி. அண்ணாச்சியின் வீட்டம்மா.

அண்ணாச்சி என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். பொம்பளைகளுக்கு பேங்க்கில் லோன் சுலபமாகக் கிடைத்ததால் வீட்டம்மா பேரில் பதிந்ததாம். போர்டில் தன் பேரைப் போட்டுக்கொண்டு, வியாபாரிகள் சங்கத்தில் முதலாளியாக உட்கார்ந்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது என்றார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஒரு மாதிரி கூச்சமாகவும் இருந்தது. ஏனென்று பிறகு தெரியும்.

“தம்பி, பேரு இருக்கணும், ஆனா யாரு கண்ணுலயும் படப்புடாது” என்றார்.

சிங்கப்பூர் கிளை

வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் ‘செல்வக்கனி’ என்று போட்டேன். எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கப் பெட்டிகள் அப்படியே கிடக்க, பொறுக்க முடியாமல் செல்வக்கனி அக்காவே என் ஆபீசைத் தேடி வந்துவிட்டார்.

ஆபீஸ் என்பது எங்கள் மொட்டைமாடி அறை. கொடியில் காய்ந்த சேலைகளை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தபோது நான் லுங்கியில் இருந்தேன். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் அரிசி மூட்டை. அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, “சிங்கப்பூர் ஆபீசும் இப்பிடித்தானா?” என்றார். அங்கே என் மச்சான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறான், சென்னையில் பெரியப்பா மகன் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான் என்று மென்று முழுங்கிச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து காபி கொண்டுவந்த என் மனைவி, “இந்தக் கம்பெனியே என் பேர்லதாங்க்கா இருக்கு. இவுக வெப்சைட்ல ஓனர்னு தன் போட்டோவப் போட்டிருக்காவ” என்று போட்டுடைத்தாள். லுங்கியோடு அந்த அரிசி மூட்டைக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அக்கா கம்ப்யூட்டரில் தன் பேரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் காபியைத் தள்ளி வைத்தார். பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னார்: “இருக்க பேரப் போட எங்க வீட்டுக்காரவுகளுக்கு வெக்கமா இருக்கு. இல்லாத ஊரப் போட ஒனக்கு வெக்கமா இல்லையே தம்பி.”

கறுப்பு எழுத்து

அக்கா அங்கேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, உரிமையாளரும் செல்வக்கனி, குறை கேட்பவரும் செல்வக்கனி என்று கறுப்பில், பெரிதாக எழுதினேன். கணக்கு திறந்தது. ஆர்டர்களும் வந்தன. பெட்டியில் மாக்ரூன் நொறுங்கிப்போனதாக நாசரேத் ஊரிலிருந்து ஒருவர் போனில் கத்தியபோது, அக்கா பொறுமையாகக் கேட்டு வேறு பெட்டி அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் கத்தின அந்த ஆளே இரண்டு பெட்டி கேட்டார்.

எனக்குப் பயமெல்லாம் அண்ணாச்சியை நினைத்துத்தான். கடைக்குப் போயிருந்தபோது நான் பயந்தபடியே ஆயிற்று. சங்கத்துக்காரர் ஒருவர் கையில் போனோடு வந்து, “என்ன பொன்னுச்சாமி, கடை ஒம்ம வீட்டம்மாவுதாமே?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அண்ணாச்சி காது மடல் வரைக்கும் சிவந்துபோனார். உள்ளே மாக்ரூன் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றதை நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார்.

பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னார்: “ஆமாவே, அவ கடைதான். நான் இங்கன வேலைக்கு நிக்கேன், மொதலாளி இன்னும் போவச் சொல்லல.”

வீட்டுக்கு வந்ததும் சென்னையையும் சிங்கப்பூரையும் அழித்துவிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் மனைவி பேரைக் கறுப்பில் போட்டு, ‘மாடியில் சேலைக் கொடிக்குக் குனிந்து வரவும்’ என்று முகவரியை உள்ளபடி எழுதியதிலிருந்து, என் தொழிலில் நான் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய விவரம் அது ஒன்றுதான்.