லுயென் அக்கா புத்தகம் பார்க்கிறார்

வலது கையில் ஊசி இரண்டும் ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் லுயென் அக்கா இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவுகிறார். அட்டை பிய்ந்து பிளாஸ்திரி ஒட்டிய பழைய காவியம் வெளியே வருகிறது. அதைப் படிக்கும்போது ஆறு அசை உள்ள அடிக்கு மூச்சை இழுக்க வேண்டும், எட்டு அசை உள்ள அடிக்கு விட வேண்டும். "நடுவுல வேற நினைப்பு ஏறுச்சுன்னா இறக்கி விட்டுட்டு வண்டிய எடு" என்பார். முப்பது வருடம் ஹுவே நகரத்திலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கவிதை படித்தாலும் டிக்கெட் கேட்கிற குரல்தான்.

செவ்வாய், வியாழன், சனி எங்கள் முறை. ஆளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஆறு வருடமாக நான் அவருக்கு அடுத்த படுக்கை. எங்களுக்கு சூப் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். அலுப்பு மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும்.

அறையில் எல்லாரும் அவரிடம் குறி கேட்பதுபோலப் புத்தகம் பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். கேள்வியைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். வலது பக்கத்து முதல் அடிதான் பதில். காவியத்தில் ஒரு பெண் படாத பாடு படுகிறாள், எல்லாம் போன பிறவி வினை. நாம் எதைக் கேட்டாலும் அக்கா அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார். "பழைய வினைடி. தப்பிச்சு ஓட முடியாது. மூச்சைப் பாத்துக்கிட்டு உக்காரு, தானா தீரும்." என் மகன் பரீட்சையில் தேறாததும் வினை, மெஷின் கத்துவதும் வினை.

"அப்போ உங்க குறட்டை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது உன் வினை."

எதிர்ப் படுக்கை சுவோங்குக்கு முப்பத்து நாலு வயது, எட்டு வயதில் ஒரு மகள். போன சனிக்கிழமை அவளுக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. வந்து அக்காவின் கால்மாட்டில் நின்றாள்.

"அக்கா, நீங்க சொல்றதுதான் சரின்னு படுது. வினை தீரணும்னா தீரட்டும். நான் இனிமே வரல."

வராவிட்டால் இரண்டு வாரம் தாங்கலாம். அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அடியே, நான் அப்படியா சொன்னேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்படித்தான் சொல்லியிருந்தார், வருடக்கணக்காக. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

"முடியலக்கா. களைச்சுப் போச்சு. நீங்களே புத்தகத்துல பாருங்க. வான்னு வந்தா வரேன், போதும்னு வந்தா போதும்."

அக்கா கண்ணை மூடிப் பிரித்து நெஞ்சின்மேல் சாய்த்துக்கொண்டார். வலது பக்கம், முதல் அடி. பக்கத்துப் படுக்கையிலிருந்து எனக்கும் தெரிந்தது. கடன் தீர்ந்தது, படகின் கயிறு அவிழ்ந்தது என்று இருந்தது. போதும் என்றுதான் அர்த்தம். அக்காவின் கட்டைவிரல் மெல்ல மேலே நகர்ந்து அந்த அடியின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"வயல்ல இன்னும் நாத்து நிக்குது, செவ்வாய்க்கிழமை வான்னு போட்டிருக்கு."

"கவிதையில செவ்வாய்க்கிழமையா?"

"பஸ்ஸுல ஏறிட்டு கண்டக்டர்கிட்ட வம்பு பண்ணாத. வான்னா வா."

அவள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "சரி, செவ்வாய்க்கிழமை மட்டும்" என்றுவிட்டு மெதுவாக வாசலுக்கு நடந்தாள்.

அதற்குள் நர்ஸ் வந்து அக்காவின் கையிலிருந்து ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள். "பிடிங்க அக்கா, இடது கையால நல்லா அழுத்திப் பிடிங்க."

சுவோங் இன்னும் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நீயே பிடிச்சுக்கோம்மா" என்றார் அக்கா, கட்டைவிரலை எடுக்காமல்.