முனை இடத்துக்குக் குலுக்கல்

இன்று சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கடைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். முதலில் வரும் பெயருக்கு பஸ் ஸ்டாப்பை ஒட்டிய முனை இடம். வளையல் விற்கும் என் பக்கத்து வீட்டுக் கமலத்துக்கு அது கிடைத்தால் இந்த வருஷம் மூச்சு விடலாம்.

கடைக்காரர் சங்கச் செயலாளர் பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிஸ்கட் டின்னில் போட்டார். கடைசியாகப் போட்டது அவருடைய மச்சான் பெயர். உடனே டின்னை என்னிடம் நீட்டினார்.

"படிச்சவங்க, நீங்களே எடுங்க டீச்சர்."

கல்லூரியில் புள்ளியியல் படித்தவள் நான். மேலே கிடப்பதுதான் கையில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

"குலுக்கவே இல்லையே?" என்றேன்.

"டின்னுல போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?"

டின்னை மேசைமேல் கவிழ்த்து, சீட்டுகளை நன்றாகக் கலைத்து, திரும்பப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

மச்சான் பெயர்.

"டீச்சர் கையாலயே வந்திருக்கு. இனி யாரும் வாய் திறக்க முடியாது லா!" என்று செயலாளர் சிரித்தார்.

கமலமும் நானும் சேர்ந்தே திரும்பினோம். வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

முறை சரிதான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.