துரை பங்களாவின் உத்தரங்கள்

சுங்கை லாலாங் குன்றின் மேலிருந்த துரை பங்களாவைத் திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், குணவதி குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு லாரியைக் கிளப்பினாள். பழைய வீடுகளைப் பிரித்து மரம் விற்பது அவள் தொழில். பிறந்ததோ குன்றைச் சுற்றியிருந்த எஸ்டேட் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். அப்பா முனியாண்டி பங்களாவில் பூச்செடி பார்த்தவர். பின்கட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை.

வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பிறகு உள்ளூர் மேனேஜர்கள் இருந்தார்கள். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விலைபோனதிலிருந்து பதினைந்து வருடமாகப் பங்களாவுக்குப் பூட்டு.

“எல்லாம் கரையான் தின்னுடுச்சிக்கா. வெறகுக்குக்கூட ஆவாது லா,” என்றான் இடிக்க வந்த குத்தகைக்காரன் தேவன்.

“ரெண்டு நாள் குடு தம்பி. அப்புறம் நீ என்னா வேணா பண்ணு.”

கூரையில் பாதி சரிந்து, கூடத்தில் ஆலங்கன்று முளைத்திருந்தது. குணவதி ஏணியில் ஏறி முதல் உத்தரத்தைச் சுத்தியலால் தட்டினாள். கணீரென்றது! மேலாக உளுத்திருந்ததைச் செதுக்கினால் உள்ளே செக்கச்செவேலென்று, இரும்பு மாதிரி மரம்.

“தேவா, ஏறி வந்து பாருடா!” அவள் போட்ட சத்தத்தில் வௌவால்கள் பதறிப் பறந்தன.

ஏறிப் பார்த்த தேவனும் வேலையில் இறங்கினான். மேனேஜர்கள் அடித்த பலகையைப் பெயர்த்தால் பின்னால் ஜப்பான்காரன் காலத்து எழுத்து. அதற்கும் அடியில் வீட்டைக் கட்டிய துரையின் வெள்ளைச் சுண்ணாம்பு. சனிக்கிழமை மதியம் உத்தரங்கள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துவாயைக் குணவதி துடைத்தாள். ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய தமிழ் எண்! ஒன்று முதல் பன்னிரண்டு வரை.

“நம்ம ஆசாரிங்க கட்டுன வூடுடா இது! எதுக்கப்புறம் எதுன்னு எழுதியே வெச்சிட்டுப் போயிருக்காங்க!”

அங்கிருந்தே யான் என்ற ஊரில் சாப்பாட்டுக்கடை கட்டிக்கொண்டிருந்த அன்சாருக்குப் போன் போட்டாள். “பாய், இரும்புக் கூரைய நிறுத்துங்க. நான் ஒரு கூரை கொண்டாறேன்.”

“பழசு தாங்குமா அக்கா?”

“மொதல்ல வந்து தட்டிப் பாருங்க!”

ஞாயிறு காலை அன்சார் வந்து தட்டிப் பார்த்தார். இதையே ஏற்றிவிடலாம் என்றார். அன்று மாலையே உத்தரங்களோடு இரண்டு லாரிகள் யானுக்குப் புறப்பட்டன.

அடுத்த வாரம் கடையின் சுவர்மேல் எண் பார்த்து உத்தரங்களை ஏற்றினார்கள். ஏழாவது மட்டும் முரண்டு பிடித்தது. தேவன் தோள்கொடுக்க அதுவும் பொருத்தில் இறங்கியது. அன்சாரின் மனைவி கதீஜா சாப்பிடக் கூப்பிட்டாள். குணவதி இறங்குவதாயில்லை. உச்சி உத்தரத்தில் கால் போட்டு உட்கார்ந்து, வயலையும் ஜெராய் மலையையும் மாறி மாறிப் பார்த்துக் கத்தினாள்:

“தேவா, சீக்கிரம் ஒரு போட்டோ எடுடா!”