சர்க்கார் மீன்

ஐம்பதுகளின் நடுவில் எனக்குச் சுகாதார இலாகாவில் வேலை கிடைத்தது. கிணறுகளில் மீன் விடுகிற வேலை. ஊரில் யாராவது கேட்டால் சுகாதார இலாகா என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு மீன் பானை சுமக்கிறான் என்று சிரிப்பார்களே என்று கூச்சம். ஒரு வருஷத்தில் கூச்சம் போய் அந்த இடத்தில் திமிர் வந்து உட்கார்ந்தது. நான் எழுத வந்தது அந்தத் திமிரைப் பற்றித்தான்.

கறிக்கு ஆகிற மீன் இல்லை அது. பெரியதே என் சுண்டுவிரல் நீளம் இராது. எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த ஜாதி. நல்ல தண்ணீரில் வாழும், உப்பு கொஞ்சம் கலந்திருந்தாலும் தாங்கும், கொசுப் புழுவைத் தின்னும். அதிகாரி அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொல்வார். ஜனங்கள் வைத்த பேர் சர்க்கார் மீன். ராமநாதபுரத்தில் ஆபீசுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்த்து, பானையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகக் கடற்கரை ஊர்களுக்குப் போவேன்.

வேலையில் முதலில் கற்றது ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. பெண் பெரியது. வயிறு உப்பலாக, பின்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும். சூல் முற்ற முற்றப் பொட்டும் பெரிதாகும். ஆண் அதில் பாதிதான், ஒல்லிக்குச்சி. வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்பு ஊசி மாதிரி நீண்டிருக்கும். இந்த மீன் முட்டையிடாது, குட்டியாகவே போடும். மாதம் ஒரு தடவை சூல் மீன்களைக் கீறி, வயிற்றில் எத்தனை குட்டி என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். சின்னதில் பத்துப் பதினைந்து இருக்கும், பெரியதில் ஐம்பது அறுபதுகூட இருக்கும். குட்டிகள், கண் மட்டும் பெரிதாக, சுருண்டு கிடக்கும். எண்ணி முடித்து வாளியில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஒரு தடவை அதிகாரி ஒரே ஒரு பெண் மீனைத் தனியாகக் கண்ணாடி ஜாடியில் விடச் சொன்னார். ஆண் பக்கத்திலேயே இல்லை. நாலைந்து மாதத்துக்குள் அது மூன்று தரம் குட்டி போட்டது. முன்னால் ஆணோடு சேர்ந்தபோது வாங்கியதை உள்ளே பத்திரமாக வைத்திருந்து வேண்டும்போது எடுத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். நான் வாயைப் பிளந்து கேட்டேன். அன்றிலிருந்து கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் நடுவில் ஓர் ஊர். பேர் வேண்டாம். அங்கே ஒரு முஸ்லிம் வீட்டு முற்றத்துக் கிணறு என் பட்டியலில் இருந்தது. அந்தத் தெருவிலேயே குடிக்க லாயக்கான தண்ணீர் அந்தக் கிணற்றில்தான். வீட்டில் ஒரு விதவை அம்மாள், அவருடைய மூத்த மகன், இளைய மகனின் மனைவி. இளையவன் கொழும்பில் கடை வைக்க மாசி மாதமே போய்விட்டான். நான் முதலில் போனது சித்திரையில். வெயிலில் பானைத் தண்ணீர் சுட்டு, ஆண் மீன்கள் அத்தனையும் வழியிலேயே செத்து மிதந்தன. ஆணுக்கு அவ்வளவுதான் தெம்பு. மிஞ்சிய நாலு பெண் மீனைக் கிணற்றில் விட்டுவிட்டு, அடுத்த தடவை ஆண் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனி மாதம் போனபோது அந்த அம்மாள் வாளியோடு முற்றத்தில் நின்றார். வாளிக்குள் பொடிப் பொடியாகக் குஞ்சுகள்.

"ஏந்தம்பி, நாலும் பொட்டைன்னு நீதானே சொன்ன? இதுக எங்கனருந்து வந்துச்சு?"

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்குச் சொல்லவா வேண்டும்? ஜாடிக் கதையை ஆதியிலிருந்து எடுத்துவிட்டேன். "ஒரு தடவ சேந்தாப் போதும்மா. நாலஞ்சு மாசத்துக்கு உள்ளயே வச்சிக்கிரும். புருசங்காரன் தேவையே இல்ல" என்றேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அது அந்த வீட்டு மருமகள். முகத்தை நான் பார்த்ததில்லை, அந்த வீட்டு வழக்கம் அப்படி. அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். கொழும்புக்கு எழுதியாயிற்று என்று மாமியார் பூரிப்போடு சொன்னார்.

ஆவணியில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. இளையவன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது அந்த அம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போகிற பிள்ளை ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். என்னிடமே சொன்னார், "எம்மகன் போனாலும் மிச்சம் வச்சிட்டுப் போயிருக்கான், தம்பி."

பிள்ளை மார்கழியில் பிறந்தது. பெண். மாசி முதல் வாரத்தில் போனவனுக்கு மார்கழியில் பிள்ளை என்றால், பதினோராவது மாதம் நடக்கிறது. முதலில் எண்ணியவன் மூத்த மகன். பிறகு தெருவே விரல் விட்டு எண்ணியது. நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போன கதைதான் தெருவுக்கு வசதியாகக் கிடைத்தது. பிள்ளைக்குப் பேர் வைப்பதற்கு முன்னாலேயே சர்க்கார் மீனு என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

தை மாதம் நான் வழக்கமான சோதனைக்குப் போனேன். நடையில் மூத்த மகனும், தூணில் சாய்ந்து அந்த அம்மாளும், பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஆலிமும் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ குடும்ப விஷயம் என்று நான் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன். வலையைத் தண்ணீருக்குள் இறக்கியபோது அடுப்படிக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"அண்ணே." அந்தக் குரல் அப்போது சிரிக்கவில்லை. "ஒங்களக் கூப்பிட்டுக் கேப்பாக. மனுசருக்கும் அப்படி நாள் தள்ளும்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். பிள்ளைய வெளிய போடச் சொல்றாக அண்ணே."

நான் பதில் சொல்வதற்குள் நடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். போகிற அந்தப் பத்தடி தூரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஓகோ, தப்புப் பண்ணிவிட்டு என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாளா என்றுதான் நினைத்தேன்.

ஆலிம்தான் முதலில் பேசினார். "கிதாபுல இதுக்கு எடமிருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். சூல் நாள் கடந்தும் நிக்கும். அந்தப் புள்ள மேல பழி போட நமக்கு ஒரு ஆதாரமும் இல்ல. பிள்ள, மவுத்தாப் போன ஒங்க தம்பி பிள்ளதான். இதோட விட்ருங்க."

"அது அந்தக் காலத்துல எழுதுனது, அசரத்து" என்றான் மூத்தவன். "இவுக படிச்சவுக. சர்க்கார்ல இதே வேலையாத்தான் இருக்காக. அவுகளே சொல்லட்டும்."

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மகன் விட்டுப்போன மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும் அவருக்கு. ஆலிம் கொடுத்தது பாதி தைரியம். மீதியை என்னிடம் கேட்டார்.

"மீனுல அப்படி உண்டுன்னு சொன்னியே தம்பி. மனுசிக்கும் உண்டா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நிஜமும் அதுதான். மீன் வயிற்றைக் கீறி எண்ணத் தெரியுமே தவிர, பிரசவத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பிள்ளை இரண்டு வாரம் பிந்தியும் பிறக்கலாம் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் படித்தவுக என்று ஒருவன் சொல்லிவிட்டான். எதிரே ஓர் ஆலிம் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். மீனின் உடம்பு வேறு, மனுஷியின் உடம்பு வேறு. அது நாலைந்து மாதம் வைத்திருக்கும். மனுஷியால் ஒரு வாரம்கூட அப்படி வைத்திருக்க முடியாது. பத்து மாதத்துக்கு மேல் போக வழியே இல்லை. இது விஞ்ஞானம், இதில் ஆளுக்கு ஒரு பேச்சு கிடையாது என்று முடித்தேன்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நான் கிணற்றடிக்குத் திரும்பி, வலையை எடுத்து, மீன் நன்றாகப் பெருகியிருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் வரும்போது, உண்மையைச் சொன்னோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

மிச்சத்தை மாசியில் ஆலிம் சொல்லித் தெரிந்துகொண்டேன். சாயல்குடி பஸ்ஸில் பக்கத்து இடம் அவருடையதாக அமைந்தது.

அந்தக் குடும்பத்தில் கடல் தாண்டிப் போகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டாம். தாயிடம் பயணம் சொல்லிக்கொண்டு வாசல் இறங்கியவன், காரியம் முடியாமல் பாதி வழியில் திரும்பக் கூடாது, அந்த வாசலை மிதிக்கவே கூடாது. மீறினால் உயிருக்கு ஆகாது. இளையவன் தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்கிறான். கப்பல் ஏறுகிற இடத்தில் காகிதத்தில் ஏதோ கோளாறு என்று திருப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போக முடியாது. மனைவியின் தாய் வீட்டில், மாரியூர்ப் பக்கம், ஐந்து வாரம் ஒளிந்திருந்துவிட்டு, காகிதம் சரியானதும் பங்குனியில் கடல் தாண்டினான். தாயைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவளும் அங்கே போய் அவனோடு இருந்திருக்கிறாள். உம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

பங்குனி நடுவிலிருந்து எண்ணினால், மார்கழியில் சில நாள் பிந்திய பிள்ளை. கணக்கில் ஒரு கோணலும் இல்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எப்படிச் சொல்லுவா? சொன்னா, பயணம் போனவன மறிச்சு வச்சிருந்த, அதான் எம்மகன் போனான்னு ஆகிப்போகும். கொன்னவன்னு பேரு வாங்குறதா, கெட்டவன்னு பேரு வாங்குறதா? நீங்க சொல்லிட்டுப் போன அன்னிக்கே வேற வழியில்லாம எல்லாத்தையும் சொல்லிட்டா. பாதிப் பேரு நம்பல. அந்த அம்மா நம்புனாங்க. நம்பித்தான் வெளிய போன்னாங்க."

ஆலிம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயல்குடி வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிறகு ஆறு வருஷம் அதே வேலையில் இருந்தேன். அந்த வீட்டுக் கிணற்றுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி மாற்றிக்கொண்டேன். மீன் கதையை யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அவள் தாய் வீடு இருக்கிற மாரியூர்ப் பக்கத்துக் கிணறுகள் ஒரு நாள் என் பட்டியலில் வந்துவிட்டன. நான் நினைத்திருந்தால் தட்டிக் கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

கீற்று வேய்ந்த வீடு. வெளியில் பனையோலைப் பெட்டி முடைந்து காயப் போட்டிருந்தது. ஒரு சின்னப் பெண் வாசலுக்கு வந்து, பானைக்குள் எட்டிப் பார்த்தது. "உம்மா, மீனு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது.

கதவு முழுதாகத் திறக்கவில்லை. "யாரு?"

"சுகாதார இலாகா" என்றேன். மனப்பாடம் பண்ணியதெல்லாம் எங்கோ போய்விட்டது.

என் குரலை அவள் கண்டுகொண்டாள் என்பது, அடுத்த பேச்சு வருவதற்கு ஆன நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, அந்த மீனு எத்தன மாசம் வச்சிருக்கும்னு சொன்னீக?"

"நாலஞ்சு மாசம்."

"மீனுக்கு அஞ்சு மாசம் குடுத்தீக. நான் ஒரே ஒரு மாசந்தானே கேட்டேன்."

உள்ளே அந்தப் பிள்ளை மீன் வேண்டும் என்று சிணுங்கியது. அவள் அதை அதட்டவில்லை. "எங்க கெணத்துக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பானையைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினேன். அந்த வீட்டுக் கிணற்றுக்கு நேராக நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல், மீன் விடப்பட்டது என்று எழுதினேன். அத்தனை வருஷத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான், அதுவும் அவளுக்கு ஒன்றுக்கும் உதவாத பொய்.