படிக்காமல் எழுதச் சொன்ன பரீட்சை

படிக்காமல் வந்து எழுதச் சொன்ன பரீட்சைக்கு என் அக்கா வீட்டுக்காரர் விழுந்து விழுந்து படித்தார். சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

மாமா சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர், பர்மனென்ட். நான் அதே பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை அள்ளும் கான்ட்ராக்ட் ஆள். எங்களைப் பர்மனென்ட் ஆக்க ஒரு தேர்வு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஷிப்ட் முடிந்ததும் வடக்குத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல் அக்காவின் குவார்ட்டர்ஸிலேயே உட்கார்ந்து கைடு படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு நடத்தும் கம்பெனிக்காரர்கள் முதலில் மாமாவைப் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். "உங்கள சோதிக்கலைங்க, கேள்வித்தாளத்தான் சோதிக்கிறோம். வேலை தெரிஞ்ச நீங்க எவ்வளவு எடுக்கிறீங்களோ, அத வச்சுத்தான் பாஸ் மார்க் போடுவோம். அதனால யாரும் படிச்சிட்டு வராதீங்க" என்றார்களாம். மாமா வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சைக்கே பரீட்சையா?

மாமாவுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. "கம்மியா வாங்கினா பிளாக்குல எப்படிடா தலைகாட்டறது? அந்தக் கைடக் கொண்டா."

"மார்க்க வெளிய சொல்ல மாட்டாங்களே மாமா?"

"இந்த ஊர்ல எதுடா வெளிய தெரியாம இருக்குது?"

அதுவும் சரிதான். பாங்க் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பிளாக்கில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களும் தங்கள் அப்பாக்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விகிதக் கணக்கு மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. எனக்கு அவ்வளவு பெருமை.

மாமாவோடு எழுதிய பழைய ஆட்கள் எல்லோரும் மார்க்கை அள்ளிவிட்டார்கள். பாஸ் மார்க் எங்கோ உயரத்தில் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு நாங்கள் எழுதிய தேர்வின் முடிவு வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்கு இரண்டு மார்க் குறைந்திருந்தது.

"எனக்குச் சொல்லிக்குடுத்தவனுக்கே வரலியாடா?" மாமா நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கெல்லாம் படிச்சிக்கினு போனதாலதான் மாமா எனக்கு வரல!"

"அப்ப, வேல தெரியாதவன்னு நான் பேரு வாங்கணுமா?"

அக்கா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் யார்மேல் கோபப்பட்டு அழுவது என்றுதான் புரியவில்லை.

சில வருடம் கழித்து மறுபடி தேர்வு வைத்தார்கள். இந்த முறை சொல்லாமல்கொள்ளாமல் பழைய ஆட்களை எழுதவைத்துப் பார்த்து, பாஸ் மார்க்கை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நான் முன்பு வாங்கிய மார்க்கே அதற்குத் தாராளமாகப் போதும். எனக்குத்தான் வயது தாண்டிவிட்டிருந்தது.